இரும்பும் இலையும்

காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் ஒரு குரல் கேட்கும். "அரக்கீரை, சிறுகீரை, மொளக்கீரை, பாலக்கு!" என்று நீட்டி முழக்கும் குரல். திருவல்லிக்கேணியில் எத்தனையோ மாறிவிட்டன. ஓட்டு வீடுகள் போய் மாடிமேல் மாடி வந்துவிட்டது. குதிரை வண்டி நின்ற மூலையில் ஆட்டோ நிற்கிறது. ஆனால் ஈரச் சாக்கு மூடிய கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிற கீரைக்கார அம்மாளும், அவளோடு என் மனைவி நடத்துகிற பேரமும் மட்டும் மாறவே இல்லை.

ஒரு நாள் பேரம் முடிந்த பிறகு என் மனைவி அவளை விசாரித்தாள்.

"பொண்ணு எப்படி இருக்கா? இது எத்தனையாவது மாசம்?"

"ஏழு நடக்குதும்மா. கோஷா ஆஸ்பத்திரியிலே பார்த்தாங்க. ரத்தம் கம்மியா இருக்குதாம். செவப்பு மாத்திரை குடுத்து தெனம் ஒண்ணு போடச் சொல்லியிருக்காங்க."

நான் திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவனுக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பது கஷ்டம். "கீரையை நிறையச் சாப்பிடச் சொல்லு அம்மா. அதிலே இரும்புச் சத்து இருக்கிறது" என்றேன்.

அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வித்தது போக மிஞ்சினா ஆக்குறோம் ஐயா. நல்ல கட்டு எங்கே மிஞ்சுது?" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பினால் எனக்கு இரண்டு வெட்கங்கள் உண்டாயின. கீரை விற்கிறவளிடம் கீரை சாப்பிடச் சொன்னது முதல் வெட்கம். சொன்ன விஷயமாவது சரிதானா என்று புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபோது, அது முக்கால் பங்கு தவறு என்று தெரிந்தது இரண்டாவது வெட்கம். இரண்டாவதன் சரித்திரத்தை முதலில் சொல்கிறேன். முதலாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆளை முதலில் அடையாளம் காட்டிவிட வேண்டும். 'கீரை என்றால் இரும்பு' என்ற பேச்சு நம் அரைக்கீரையைப் பார்த்துப் பிறந்ததல்ல. மேல்நாட்டார் ஸ்பினாச் என்று சொல்லும் கீரையைப் பார்த்துப் பிறந்தது. நம் அகராதிகளில் அதற்குப் பசலைக்கீரை என்று பொருள் எழுதியிருப்பார்கள். வேலியில் கொடியாகப் படர்கிற நம்முடைய பசலை வேறு குலத்தைச் சேர்ந்தது. கடையில் பாலக் என்று வாங்குகிறோமே, அதிலும் பெரும்பாலானது பீட்ரூட் ஜாதிக் கீரை. அசல் ஸ்பினாச்சை வடக்கே 'விலாயதி பாலக்', அதாவது சீமைப் பாலக் என்று பிரித்துச் சொல்கிறார்கள். ஆனாலும் தாவர சாஸ்திரிகள் ஸ்பினாச், பீட்ரூட், நம் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாவற்றையும் இப்போது ஒரே பெருங்குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே ஸ்பினாச்சின் கதையைச் சொன்னால் அது நம் கீரைகளின் பெரியப்பா வீட்டுக் கதைதான்.

ஸ்பினாச்சின் பிறந்தகம் பாரசீகம். பாரசீகர்கள் 'அஸ்பனாக்' என்றார்கள். அரபிகள் 'இஸ்ஃபனாக்' என்றார்கள். அவர்களோடு ஸ்பெயினுக்குப் போய் 'எஸ்பினாக்கா' ஆயிற்று. அங்கிருந்து மற்றத் தேசங்களுக்குப் பரவி, ஆங்கிலேயர் வாயில் ஸ்பினாச் என்று தேய்ந்தது. கிழக்குப் பக்கம் போன கதை இன்னும் சுவையானது. 647ஆம் ஆண்டில், சீனாவில் தாங் வம்சத்துச் சக்கரவர்த்தி தாய்ஸோங் ஆண்டபோது, நேபாளத்து அரசர் அனுப்பிய காணிக்கைகளில் இந்தக் கீரையும் இருந்தது. பொன்னும் பட்டும் குவிந்த அரண்மனைக்கு ஓர் அரசர் கீரையை அனுப்பினார் என்றால், அது அப்போது எவ்வளவு அபூர்வப் பொருளாக இருந்திருக்க வேண்டும்! சீனர்கள் அதற்குப் 'பாரசீகக் கீரை' என்றே பெயர் வைத்தார்கள்.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரில் வாழ்ந்த இப்னு அல் அவாம் அரபு மொழியில் ஒரு பெரிய உழவு நூல் எழுதினார். அதில் ஸ்பினாச்சுக்குக் கீரைகளின் தலைவன் என்ற பட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1390ஆம் ஆண்டு வாக்கில், இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த சமையல் சுவடியிலும் அதைச் சமைக்கும் வகை இருக்கிறது. கீரையைக் கொதிக்கும் நீரில் சற்று வேகவைத்து, நீரைப் பிழிந்து, நறுக்கி, நல்ல எண்ணெயில் வதக்கி, வாசனைப் பொடி தூவிப் பரிமாறு என்பது அதன் சாரம். நம் பாட்டிமார் படித்தால், 'இதென்ன பெரிய வித்தை? கீரைப் பொரியல்தானே!' என்று சொல்லிவிடுவார்கள்.

அங்கே அரசனுடைய பந்தியில் ஏறிய கீரை நம் இலக்கியத்தில் எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. கிணை கொட்டும் கலைஞன் ஒருவன் வீட்டில் பசி. அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. மனைவி போய்க் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். பிறகு அவள் செய்கிற காரியம்தான் மறக்க முடியாதது. கோள் சொல்கிறவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து சாப்பிடுகிறாள். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாடிய ஒரு பாட்டிலும் குப்பைக் கீரைதான். அங்கும் உப்பில்லை, மோரும் இல்லை. ஒன்று கொய்த இடத்திலேயே மறுபடி துளிர்த்த தளிரைக் கொய்கிறார்கள் என்று அந்தப் புலவர் சொல்வதிலேயே, நேற்றும் அதே கீரைதான் உணவு என்ற செய்தி அடங்கியிருக்கிறது.

கீரை என்றால் ஏழைகளின் உணவு, பிறர் பார்த்தால் வெட்கம் என்ற எண்ணம் அவ்வளவு பழையது. நம் காலத்திலும் விருந்தாளி வந்தால் கீரையை ஒளித்துவிட்டு உருளைக்கிழங்கைத் தேடுகிற வீடுகள் உண்டு.

இந்த நிலையில் கீரைக்கு ஒரு கியாதி வந்தது. அது வந்த வழிதான் வேடிக்கை.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசும் ரசாயன சாஸ்திரிகள் உணவுப் பண்டங்களை எரித்தும் கரைத்தும் அவற்றில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். 1892இல் குஸ்டாவ் ஃபான் பங்கே என்பவர் ஸ்பினாச்சில் உள்ள இரும்பை அளந்தார். 100 கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வந்தது. அது உலர்ந்த கீரைக்கு உரிய கணக்கு. பச்சைக் கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே நாம் கட்டாக வாங்குகிற கீரையில் 100 கிராமுக்கு 3 மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் இரும்பு இருக்கும். உலர்ந்ததன் கணக்கைப் பச்சைக்குப் போட்டுப் பார்த்தால் இரும்பு பத்து மடங்காகத் தெரியும்.

அந்த 3 மில்லிகிராமும் முழுக்க உடம்பில் சேர்கிறதா என்றால், அதுவும் இல்லை. இறைச்சியில் உள்ள இரும்பை நம் குடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும். இலையில் உள்ள இரும்பு வேறு வகை. அதில் மிகச் சிறு பகுதிதான் இரத்தத்துக்குப் போய்ச் சேரும்.

இதற்கு மேல் ஒரு கிளைக் கதை. '1870ஆம் ஆண்டு வாக்கில் ஃபான் வோல்ஃப் என்ற ஜெர்மானியர் கீரையின் இரும்பை எழுதும்போது தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டார். அந்தப் பிழையால்தான் உலகமே கீரை தின்றது' என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. 1981இல் ஹாம்ப்ளின் என்ற டாக்டர் பிரிட்டனின் வைத்தியப் பத்திரிகை ஒன்றில், பொய்யாக நிலைத்துவிட்ட நம்பிக்கைகளைக் கேலி செய்து எழுதிய கட்டுரையில் இதைச் சொன்னார். அதன் பிறகு பேராசிரியர்கள் எல்லாரும் இதையே சொன்னார்கள். 2010இல் மைக் ஸட்டன் என்ற குற்றவியல் ஆராய்ச்சியாளர் துப்பறியப் புறப்பட்டு, மூல நூல்களைத் தேடிப் போனார். புள்ளி தவறியதற்கு ஆதாரமே அகப்படவில்லை. பொய்யைக் கண்டிக்க எழுதிய கட்டுரையிலேயே ஒரு பொய் புகுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது! மேற்கோளைச் சரிபார்க்காமல் எழுதுகிற என் போன்றவர்கள் சுவரில் எழுதி மாட்டிக்கொள்ள வேண்டிய கதை இது.

குழந்தைகள் வைத்திருக்கிற வீடுகளில் பாப்பாயைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, புகைக் குழாயைக் கடித்துக்கொண்டு, டப்பாக் கீரையை வாயில் கொட்டியதும் புஜம் புடைக்கிற மாலுமி. எல்ஸி ஸீகர் என்ற சித்திரக்காரர் 1929 ஜனவரியில் அவனைப் படைத்தார். கீரையில் இரும்பு இருப்பதால்தான் பாப்பாய் அதைத் தின்றான் என்று நாம் எல்லோரும் நினைத்திருக்கிறோம். 1932இல் வந்த ஒரு சித்திரத்தில் அவனே காரணம் சொல்கிறான்: கீரையில் நிறைந்திருப்பது ஏ வைட்டமினாம். இரும்பைப் பற்றி அவன் பேசவில்லை. கார்ட்டூன் மாலுமி சரியாகத்தான் சொன்னான், கேட்டவர்கள்தாம் மாற்றிக்கொண்டார்கள். கீரை பயிரிடும் டெக்ஸாஸ் மாநிலத்துக் கிரிஸ்டல் சிட்டி என்ற ஊரில் 1937இல் பாப்பாய்க்குச் சிலையே வைத்துவிட்டார்கள்.

இரும்பு இல்லை என்றால் கீரையில் பிறகு என்னதான் இருக்கிறது? பாப்பாய் சொன்ன ஏ வைட்டமினாக உடம்பில் மாறும் சத்து இருக்கிறது. அது போதாமல் போனால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வரும், முற்றினால் பார்வையே போகும். சி வைட்டமினும் கே வைட்டமினும் இருக்கின்றன. இவற்றோடு, பெயரிலேயே இலையை வைத்துக்கொண்டிருக்கிற ஒரு சத்தும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கதை எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது.

1928இல் லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். கேம்பிரிட்ஜில் தாவர சாஸ்திரமும் பூகர்ப்ப சாஸ்திரமும் படித்துவிட்டு, பிறகு லண்டனில் வைத்தியம் படித்தவர். அவரை வரவழைத்தவர் இந்தியாவில் பெண்களுக்காக வைத்தியத் தொண்டு செய்துவந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபர். பம்பாய்த் துணி மில் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் இரத்தம் வற்றி வெளுத்துப் போனார்கள். பலர் பிரசவத்தோடு உயிரை விட்டார்கள். காரணம் தெரியவில்லை.

இரும்பு போதாமல் வரும் சோகையில் இரத்த அணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கும். இந்தப் பெண்களின் இரத்தத்தைப் பூதக் கண்ணாடியில் பார்த்தால் நேர் எதிர். அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது. டாக்டர் வில்ஸ் ஆராய்ச்சிசாலையோடு நிற்கவில்லை. அந்தப் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். வறுமையிலும் கோஷாவிலும் அடைபட்ட முஸ்லிம் பெண்களிடையேதான் நோய் அதிகமாக இருந்தது. அவர்கள் உணவில் காய்கறியும் பழமும் அருமை.

1929இல் அவர் குன்னூர்ப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். அங்கே உணவு ஆராய்ச்சிக்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் மக்காரிஸன். 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். இங்கே அவர் வேலை செய்த இடம், 1885இல் ஆரம்பிக்கப்பட்டுக் கோஷாப் பெண்களுக்காக நடந்துவந்த ஆஸ்பத்திரி. இன்று அதற்குக் கஸ்தூரிபா காந்தி பெயர். எங்கள் பேட்டையில் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் ரிக்ஷாக்காரரிலிருந்து கீரைக்கார அம்மாள் வரை எல்லோருக்கும் விளங்கும்.

டாக்டர் வில்ஸ் பரீட்சித்துப் பார்த்தவற்றுள் ஒன்று மார்மைட். இங்கிலாந்தில் பீர் காய்ச்சுவதற்குப் பயன்பட்ட ஈஸ்ட்டிலிருந்து இறக்கி, ரொட்டியில் தடவித் தின்கிற கரிய குழம்பு; விலை மலிவு. அதைக் கொடுத்ததும் நோயாளிகளின் இரத்தம் தேறியது. 1931இல் இதை அவர் வெளியிட்டார். குணமாக்குகிற பொருள் மார்மைட்டில் இருக்கிறது, ஈரலில் இருக்கிறது. ஆனால் அப்போது பெயர் தெரிந்திருந்த எந்த வைட்டமினும் அது அல்ல. அதனால் அதற்கு 'வில்ஸ் பொருள்' என்றே உலகம் பெயர் வைத்தது.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 1941இல் டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் நான்கு டன் ஸ்பினாச்சைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அரைத்து, பிழிந்து, வடித்து, மறுபடி வடித்து, கடைசியில் அதிலிருந்து துளியளவு ஒரு பொருளை எடுத்தார்கள். லத்தீன் மொழியில் இலைக்கு 'ஃபோலியம்' என்று பெயர். இலையிலிருந்து வந்ததால் 'ஃபோலிக்' அமிலம் என்று பெயரிட்டார்கள். நான்கு டன் கீரையில் நம் தெரு முழுவதும் எத்தனை வருஷம் மசியல் செய்யலாம் என்று என் மனைவி கணக்குப் போட ஆரம்பித்தாள். அதற்குள் நான் மேலே போகிறேன்.

அதைச் செயற்கையாகச் செய்தால்தான் எல்லோருக்கும் கிடைக்கும். 1945இல் அமெரிக்காவில் லெடர்லே ஆராய்ச்சிசாலை அதைச் செய்துகாட்டியது. அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் நம்மவர், எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்தவர். அவருடைய சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியில் 'ஸ்ப்ரூ' என்ற நோய்க்குப் பலியானார்கள். தின்றது உடம்பில் ஒட்டாமல், இரத்தமும் வற்றி ஆளைக் கொல்கிற வியாதி அது. அந்த வியாதிக்கும் ஃபோலிக் அமிலம் நல்ல மருந்து என்று பின்னால் தெரிந்தது. சகோதரர்களுக்குக் காலத்தில் கிடைக்காத மருந்து தம்முடைய ஆராய்ச்சிசாலையில் உருவாவதைச் சுப்பாராவ் கண்ணால் கண்டார். 1948இல், 53 வயதில், அங்கேயே காலமானார்.

ஃபோலிக் அமிலம் உடம்பில் என்ன செய்கிறது? ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், தன்னுள் இருக்கிற மரபு எழுத்துகளை முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நகல் வேலைக்கு இது தேவை. இது இல்லாவிட்டால் அணு வளரும், பிரியாது. பம்பாய்ப் பெண்களின் இரத்தத்தில் டாக்டர் வில்ஸ் பார்த்த பெருத்த அணுக்கள் அப்படிப் பிரிய முடியாமல் திண்டாடியவைதாம். வயிற்றில் குழந்தை வளரும்போது ஒவ்வொரு கணமும் அணுக்கள் பிரிந்துகொண்டே இருப்பதால், கர்ப்பிணிக்குத்தான் இது அதிகம் வேண்டியிருக்கிறது. 1991இல் வெளிவந்த ஒரு பெரிய பரீட்சையின் முடிவு மேலும் ஓர் உண்மையைச் சொன்னது. முன்பு முதுகுத்தண்டுக் குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்கள், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டதில், அடுத்த குழந்தைக்கு அந்தக் குறை வருவது 100க்கு 72 பங்கு குறைந்தது.

இப்போது அந்தச் சிவப்பு மாத்திரைக்கு வருவோம். அதில் இருப்பவை இரண்டு: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ஒரு நாளைய மாத்திரையில் உள்ள இரும்பைக் கீரையிலிருந்தே எடுப்பதென்றால் இரண்டு கிலோவுக்கு மேல் பச்சை ஸ்பினாச் தின்ன வேண்டும், யாராலும் முடியாது. அதே மாத்திரையின் ஃபோலிக் அமிலத்துக்குக் கால் கிலோ கீரையில் ஈடு இருக்கிறது. அதிலும் சமையலிலும் ஜீரணத்திலும் கொஞ்சம் கழியும். ஆகவே கர்ப்பிணிக்கு மாத்திரைக்குப் பதில் கீரை என்று சொல்லக் கூடாது. மாத்திரையும் வேண்டும், கீரையும் வேண்டும். நான் அன்று திண்ணையிலிருந்து அதிகாரமாகச் சொன்ன இரும்பு கீரையில் கொஞ்சந்தான். சொல்லத் தெரியாத சத்துத்தான் அதில் நிறைய.

அது நம் வாயில் வந்து சேருவது அடுப்பங்கரையைப் பொறுத்தது. ஃபோலிக் சத்து வெந்நீரில் கரைந்து போகும். அதிகச் சூட்டில் அழியும். கீரையை முழுக்க நீர் விட்டு வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால், ஏறக்குறையப் பாதிச் சத்து சாக்கடைக்குப் போய்விடும். ஆவியில் வேகவைத்தால் அநேகமாக அப்படியே இருக்கும். ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் பிழிந்து கொட்டியது அந்தத் தண்ணீரைத்தான். நம் பாட்டிமார் இந்த விஷயத்தில் மன்னரின் ஆட்களைவிடக் கெட்டிக்காரர்கள். கீரையைக் கழுவிய பிறகுதான் நறுக்குவார்கள். கழுவும்போது இலையில் ஒட்டிய நீரோடு இன்னும் ஒரு கை நீர் தெளித்துக் கல்சட்டியில் ஏற்றுவார்கள். மூடி போடமாட்டார்கள், போட்டால் நிறம் கறுத்துவிடும் என்பார்கள். இலையிலிருந்து கிளம்பும் புளிப்பாவி வெளியேறினால் பச்சை நிறம் நிற்கும் என்பது ரசாயனமும் ஒப்புக்கொள்கிற காரணந்தான். வெந்ததும் அந்த நீரோடேயே மத்தால் கடைந்துவிடுவார்கள். ஒரு சொட்டு வீணாகாது. பச்சை நிறத்துக்காகச் சமையல் சோடா போடுவது பின்னால் வந்த பழக்கம். அது நிறத்தைக் காத்துச் சத்தைக் கொல்லும்.

கடைந்த கீரைக்கு எண்ணெயில் கடுகும் உளுத்தம் பருப்பும் மிளகாயும் தாளித்துக் கொட்டுவதிலும் பொருள் உண்டு. ஏ வைட்டமின் தருகிற சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். கூட்டில் தேங்காய் அரைத்து விடுவதும் அதே உதவியைச் செய்யும். பருப்போடு சேர்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் புஷ்டி கிடைக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால், அதன் சி வைட்டமின் கீரையில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகும். சாப்பிட்டவுடன் காப்பியோ தேநீரோ குடித்தால் அந்த இரும்பு திரும்பிப் போய்விடும் என்பதையும், காப்பிப் பிரியனாகிய நான் வருத்தத்தோடு எழுதிவைக்கிறேன்.

இரண்டு பேருக்கு மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஸ்பினாச்சில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம். அந்த வகைச் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அதை அளவோடு, வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க 'வார்ஃபரின்' சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கே வைட்டமின் அந்த மருந்துக்கு எதிரி.

சரித்திரம் முடிந்தது. முதல் வெட்கம் பாக்கி இருக்கிறது.

2019 முதல் 2021 வரை சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கில், நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேர் சோகை உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. டாக்டர் வில்ஸ் பம்பாயில் வந்து இறங்கித் தொண்ணூறு வருஷம் கழிந்த பிறகும் இந்த நிலை. மாத்திரை இலவசம். கீரை மலிவு. ஆனாலும் அந்த 52 பேரில் ஒருத்தி, தினமும் கூடை நிறையக் கீரை சுமக்கிறவளின் மகள். சிறுபாணாற்றுப்படைப் பெண் கீரை தின்பதற்கு வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தினாள். இவள் வீட்டில் கதவு திறந்துதான் கிடக்கிறது. சட்டியில்தான் கீரை இல்லை.

இதையெல்லாம் ஒரு நாள் இரவு என் மனைவியிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கமான குரல் கேட்டது. வழக்கமான பேரமும் நடந்தது. ஆனால் ஒரு கட்டுக்குப் பதில் இரண்டு கட்டு வாங்கினாள். ஒன்றை அந்த அம்மாளிடமே நீட்டி, "இது உம் பொண்ணுக்கு" என்றாள்.

கீரைக்கார அம்மாள் தயங்கினாள். "வேணாம்மா. கூடையிலே இருந்தா, அடுத்த தெருவிலே யாராச்சும் கேட்டா குடுத்துடுவேன். என்னை நானே நம்ப மாட்டேன்" என்று உண்மையைச் சொன்னாள்.

என் மனைவி கொஞ்சம் யோசித்தாள். பிறகு அரிவாள்மணையையும் முறத்தையும் கொண்டுவந்து வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். வேரை அறுத்தாள். பழுத்த இலையையும் புல்லையும் பொறுக்கிப் போட்டாள். கீரை முழுவதையும் ஆய்ந்து, ஒரு வாழை இலையில் மடித்துக் கட்டி, மேலே ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக் கொடுத்தாள்.

"ஆய்ஞ்ச கீரையை யாரும் வாங்க மாட்டா. கொண்டுபோய் ஆக்கிப் போடு. தண்ணியைக் கொட்டிடாதே. மாத்திரையையும் ஒரு நாள் விடாமப் போடச் சொல்லு" என்றாள்.

கீரைக்கார அம்மாள் பொட்டலத்தைக் கூடையில் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். நான் பத்திரிகையை மடித்துவிட்டு, என்றைக்கும் இல்லாத வழக்கமாக, எங்கள் வீட்டுக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆய ஆரம்பித்தேன்.